விமானத் தகட்டுக்குள் செம்பு

அடுக்களையில் தலைமுறை கடந்து புழங்கும் அலுமினியப் பாத்திரம் எல்லாரும் அறிந்த பொருள். கைதவறி விழுந்தால் நெளிந்துபோகும், புளியும் உப்பும் பட்டால் உட்புறம் கறுக்கும், ஆனால் இரும்புச் சட்டியைப்போலத் துருவேறி உதிர்ந்துவிடுவதில்லை. இரண்டாம் உலகப்போரில் பறந்த குண்டுவீச்சு விமானங்களும் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவையே. பல டன் எரிபொருளையும் குண்டுகளையும் சுமந்துகொண்டு, சில இடங்களில் ஒரு மில்லிமீட்டரே தடிமன் உடைய தகடுகளைப் போர்த்துக்கொண்டு காற்றின் விசையைத் தாங்கி நின்ற அவ்விமானங்கள் எளிதில் நெளியவில்லை. ஆனால் அவற்றுள் ஒன்று கடலடியிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு அப்படியே விடப்பட்டால், அதன் தகடு கொஞ்ச காலத்திலேயே வெண்பொடியாக உதிரத் தொடங்குகிறது. பாத்திரத்தில் மென்மையும் நீடித்த வாழ்வும் சேர்ந்திருக்க, விமானத்தில் வலிமையும் அழிவும் சேர்ந்திருப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை தேடினால், பழைய போர் விமானங்களைப் பேணும் அருங்காட்சியகங்களில் நடக்கும் வேலையின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

பிரிட்டனின் அரச விமானப்படை அருங்காட்சியகம் லண்டனின் ஹெண்டன் பகுதியிலும், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள கோஸ்ஃபோர்டிலும் என இரு இடங்களில் இயங்குகிறது. அதன் சேகரிப்பில் உள்ள ஹாலிஃபாக்ஸ் வகைக் குண்டுவீச்சு விமானம் ஒன்று, 1942 ஏப்ரல் 27 அன்று இரவு நார்வேயின் கடற்கழி ஒன்றில் நின்ற டிர்பிட்ஸ் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலைத் தாக்கச் சென்று, தரையிலிருந்து சுடப்பட்டு இறக்கையில் தீப்பற்றியதால், ஹோக்லிங்கன் என்ற ஏரியின் உறைபனிப் பரப்பின்மீது இறக்கப்பட்டது. விமானத்தில் இருந்தவர்கள் அனைவரும் உயிர்தப்ப, பனி உருகி விமானம் மட்டும் ஏரிக்குள் அமிழ்ந்தது. 31 ஆண்டுகள் நன்னீரில் கிடந்தபின் 1973இல் மேலே கொண்டுவரப்பட்டபோது, அது இன்ன விமானம் என்று தயக்கமின்றிச் சொல்லக்கூடிய உருவத்தோடு இருந்தது.

மற்றொன்று டோர்னியர் 17 வகை ஜெர்மானிய விமானம்; 1940 ஆகஸ்டு 26 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டு, இங்கிலாந்தின் கென்ட் கரையை அடுத்த குட்வின் மணல்திட்டில் விழுந்து, தலைகீழாகப் புதைந்து கிடந்தது. உலகில் எஞ்சியதாக அறியப்படும் ஒரே டோர்னியர் 17 இதுவே. 2013 ஜூன் 10 அன்று கடலிலிருந்து தூக்கப்பட்ட அது கோஸ்ஃபோர்டுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, நெகிழித்தாள் போர்த்திய நீண்ட கூடாரங்களுக்குள் கிடத்தப்பட்டு, மாதக்கணக்கில் இடைவிடாமல் ஒரு கரைசலால் நனைக்கப்பட்டது. காணவந்தவர்களுக்கு அது விமானத்தைக் காட்சிக்கு ஆயத்தம் செய்வதாக அல்லாமல் நோயாளிக்கு மருத்துவம் பார்ப்பதாகவே தோன்றியிருக்கும். அந்தத் தோற்றம் பிழையானதும் அல்ல.

நோயைப் புரிந்துகொள்ள வலிமையிலிருந்து தொடங்க வேண்டும். தூய அலுமினியம் எடையில் எஃகின் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், விமானத்தின் எலும்புக்கூட்டைச் செய்ய அது போதுமான வலிமை உடையது அன்று. பெர்லினுக்கு அருகிலுள்ள நொய்பாபெல்ஸ்பெர்க்கில் இருந்த ஆய்வுக்கூடத்தில் ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானிய உலோகவியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் குறையை நீக்க முயன்றுகொண்டிருந்தார். எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் அமிழ்த்தினால் அது உடனே கடினமாவது கொல்லர்கள் நெடுங்காலமாக அறிந்த உத்தி. அதையே அலுமினியத்திலும் செய்துபார்க்க எண்ணிய அவர், ஏறத்தாழ 4 விழுக்காடு செம்பும் அரை விழுக்காடு மக்னீசியமும் சேர்ந்த கலவையை 500 டிகிரி செல்சியசுக்கு அருகில் காய்ச்சி நீரில் அமிழ்த்தினார். எதிர்பார்த்த கடினம் வரவில்லை. 1906இல் ஒரு வாரக்கடைசியில் அளந்து வைத்த துண்டை விடுமுறை கழிந்து மறுபடி அளந்தபோது, யாரும் தொடாமல் கிடந்த அந்தத் துண்டு முன்பைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கடினமாகியிருந்தது. அளவைக் கருவியில் பிழை இருக்கலாம் என்று ஐயுற்று மீண்டும் மீண்டும் சோதித்தும் அதே விளைவே கிடைத்தது. உலோகம் சும்மா இருந்தபடியே வலிமை பெற்றுக்கொண்டிருந்தது. டியூராலுமின் என்ற பெயரில் டூரன் நகரத்து ஆலை விற்பனைக்குக் கொண்டுவந்த இக்கலவைதான் செப்பலின் வான்கப்பல்களின் சட்டகங்களுக்கும், பின்னர் உலோக விமானங்களின் தகடுகளுக்கும் அடிப்படையானது. முதிர முதிரக் கடினமாகும் இந்த இயல்பை முதிர்வுக் கடினமாதல் என்பர்.

ஏன் முதிர்கிறது என்பதைக் கண்டுபிடித்தவரால் விளக்க முடியவில்லை என்பது அறிவியல் வரலாற்றில் அரிய செய்தி அன்று. ஆயினும் விளக்கம் தெரியாத ஒரு பொருளை நம்பிப் பல ஆண்டுகள் மனிதர்கள் வானத்தில் பறந்தார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

உலோகம் என்பது அணுக்கள் ஒழுங்கான வரிசைகளில் அடுக்கப்பட்ட படிகம். ஒரு தகட்டை வளைக்கும்போது இந்த வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. ஆனால் ஒரு முழு அடுக்கும் ஒரே வீச்சில் நகர வேண்டுமானால் அதற்குத் தேவைப்படும் விசை, உண்மையில் தகடு வளையும் விசையைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்குகள் காட்டின. இந்த முரணை 1934இல் டெய்லர், ஓரோவான், போலான்யி என்ற மூவர் தனித்தனியே தீர்த்தனர்: எந்தப் படிகமும் முற்றிலும் ஒழுங்கானது இல்லை, அதனுள் வரிசை பிசகிய கோடுகள் இருக்கின்றன, அழுத்தம் வரும்போது அடுக்கு முழுவதும் நகராமல் அந்தப் பிசகுக் கோடு மட்டும் ஒவ்வோர் அணுவரிசையாகத் தாண்டிச் செல்கிறது, அது மறுமுனையை அடையும்போது அடுக்கு ஒரு படி நகர்ந்து முடிந்திருக்கிறது. தூய அலுமினியத்தில் இக்கோடுகளுக்குத் தடையே இல்லாததால்தான் பாத்திரம் அவ்வளவு எளிதாக நெளிகிறது. அதை வலிமையாக்க வேண்டுமானால் பிசகுக் கோடுகளின் வழியில் தடைகளை வைக்க வேண்டும். தடைகள் மிகச் சிறியனவாகவும், மிக நெருக்கமாகவும், எங்கும் பரவியும் இருக்க வேண்டும்.

அத்தகைய தடைகளை யாரும் கையால் வைக்க முடியாது. உலோகமே தனக்குள் விளைத்துக்கொள்ள வேண்டும். சூடான நீரில் கரையக்கூடிய சர்க்கரை முழுவதையும் கரைத்துப் பாகாக்கி ஆறவிட்டால், ஆறிய நீரால் அவ்வளவு சர்க்கரையைத் தன்னுள் வைத்துக்கொள்ள இயலாததால், மிகுதியானது நாள்போக்கில் கற்கண்டாகப் பிரிந்து படிகிறது. அலுமினியத்தில் செம்பு கரைந்திருப்பதும் இவ்வாறே; 500 டிகிரியில் திட அலுமினியம் ஏறத்தாழ நான்கு விழுக்காடு செம்பைத் தன் வரிசைகளுக்குள் இடம் கொடுத்து வைத்திருக்கும், அறை வெப்பத்தில் அது ஒரு விழுக்காட்டின் சிறு பின்னம்கூட ஏற்காது. மெல்ல ஆறவிட்டால் செம்பு பெரிய கட்டிகளாகப் பிரிந்துவிடும். நீரில் சட்டென்று அமிழ்த்தினால் பிரிவதற்கு அவகாசம் இல்லாமல், இடமில்லாத இடத்தில் செம்பணுக்கள் சிக்கிக்கொள்கின்றன. கூடவே, உயர்வெப்பத்தில் படிக வரிசைகளில் ஆங்காங்கே இருந்த காலியிடங்களும் வெளியேற வழியின்றி உறைந்துவிடுகின்றன. அந்தக் காலியிடங்களில் மாறி மாறி நுழைந்து, செம்பணுக்கள் அடுத்துவரும் நாட்களில் மெதுவாக நகர்ந்து சிறுசிறு கூட்டங்களாகச் சேர்கின்றன. வில்மின் துண்டு விடுமுறையில் செய்துகொண்டிருந்த வேலை இதுதான்.

மேற்சொன்ன உவமை ஓர் இடத்தில் பொருந்தாமல் போகிறது, அந்த இடமே முக்கியமானது. கற்கண்டு எவ்வளவு பெரிதாக வளர்கிறதோ அவ்வளவு நல்லது. டியூராலுமினில் செம்புக் கூட்டங்கள் பெரிதானால் வலிமை குறைந்துவிடும், ஏனெனில் அதே அளவு செம்பு சில பெரிய கட்டிகளில் திரண்டுவிட்டால் கட்டிகளுக்கு இடையே பிசகுக் கோடுகள் வளைந்து தப்பிச்செல்ல அகன்ற இடைவெளி கிடைத்துவிடுகிறது. 200 டிகிரிக்கு மேல் நீண்டநேரம் காய்ச்சினால் டியூராலுமின் தளர்ந்துபோவது இதனால்தான். ஆகவே விமானத் தகட்டின் வலிமை, முடிவை நோக்கிச் செல்லும் ஒரு மாற்றத்தைப் பாதிவழியில் நிறுத்தி வைத்ததால் கிடைத்தது; அந்தத் தகடு அமைதியடைந்த பொருள் இல்லை.

விமானத் தொழிற்சாலைகளில் இந்த நிறுத்தம் அன்றாட நடைமுறையாக இருந்தது. தகடுகளை இணைக்கும் டியூராலுமின் ரிவெட்டுகளைக் காய்ச்சி அமிழ்த்தியவுடன் அவை மென்மையாக இருக்கும், சம்மட்டியால் தலையைப் பரப்ப முடியும். நேரம் கடந்தால் கடினமாகி, அடித்தால் விரிசல் விடும். சிலவகை ரிவெட்டுகளுக்குக் கிடைக்கும் அவகாசம் அரைமணி நேரத்துக்கும் குறைவு. அதனால் அவற்றைக் குளிர்பெட்டியில் போட்டு வைத்து, குளிரில் செம்பணுக்களின் நகர்வைத் தணித்து, வேண்டும்போது சில ரிவெட்டுகளை மட்டும் வெளியே எடுத்து அடித்தார்கள். அடிக்கப்பட்ட ரிவெட்டு பின்னர் விமானத்திலேயே முதிர்ந்து கடினமாயிற்று. இன்று பழைய விமானங்களைப் புதுக்கும் பட்டறைகளிலும் இவ்வகை ரிவெட்டுகளைப் பயன்படுத்துவோர் குளிர்பெட்டியை விட முடிவதில்லை.

செம்பணுக்களின் கூட்டத்தை யார் பார்த்தார்கள் என்பது அடுத்த கேள்வி. 1919இல் அமெரிக்காவின் அளவைத்தரப் பணியகத்தில் மெரிக்கா என்பவரும் அவருடைய உடனாய்வாளர்களும், வெப்பம் குறையக் குறையச் செம்பின் கரைதிறன் எவ்வாறு குறைகிறது என்பதை அளந்து, முதிர்வின்போது செம்பு நுண்ணிய வீழ்படிவாகப் பிரிகிறது என்று கருத்துரைத்தனர். வீழ்படிவு என்பது கரைசலிலிருந்து பிரிந்து நிற்கும் திடப்பொருள். அக்காலத்து நுண்ணோக்கிகளில் முதிர்ந்த துண்டும் முதிராத துண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. எனவே அது சான்று காத்திருந்த ஊகமாகவே இருந்தது. 1938இல் பிரான்சில் ஆந்திரே கினியே என்பவரும் பிரிட்டனில் ஜார்ஜ் பிரெஸ்டன் என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமல், முதிர்ந்த கலவையின் ஒற்றைப் படிகங்கள் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்திப் படமெடுத்தனர். ஒழுங்கான படிகத்தின்மீது விழும் எக்ஸ் கதிர் குறிப்பிட்ட திசைகளில் மட்டும் சிதறி, படத்தில் கூர்மையான புள்ளிகளை உண்டாக்கும். சிதறவைக்கும் பொருள் ஏதேனும் ஒரு திசையில் மிக மெல்லியதாக இருந்தால், அந்தத் திசையில் புள்ளி கோடாக நீளும், எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நீளும். இருவரின் படங்களிலும் புள்ளிகளோடு மங்கலான கோடுகள் இருந்தன. அவற்றின் திசையையும் நீளத்தையும் கொண்டு, செம்பணுக்கள் ஓரிரு அணு தடிமன் மட்டுமே உள்ள தட்டுகளாகப் படிகத்தின் குறிப்பிட்ட தளங்களில் சேர்ந்திருக்கின்றன என்று இருவரும் ஒரே முடிவுக்கு வந்தனர். கினியே-பிரெஸ்டன் மண்டலங்கள் என்று அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. கண்ணால் காணாமல், சிதறலின் வடிவத்திலிருந்தே பெறப்பட்ட இம்முடிவைப் பின்னாளில் எலக்ட்ரான் நுண்ணோக்கிகள் நேராகக் காட்டி உறுதிசெய்தன.

அந்த 1938க்கு அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப்போர் தொடங்கியது.

வலிமை தந்த செம்பு எவ்வாறு நோயையும் தந்தது என்பதை இனிக் காணலாம். அலுமினியம் இயல்பில் மிகுந்த வேதிவினை ஆற்றல் உடைய உலோகம். அது நிலைத்திருப்பதற்குக் காரணம், காற்று பட்டவுடன் அதன் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனில், அதாவது தலைமயிரின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவில், படியும் ஆக்சைடு படலம். கீறினால் மறுகணமே புதிய படலம் உண்டாகிவிடும். அடுக்களைப் பாத்திரத்தின் நீண்ட வாழ்வு இந்தப் படலத்தால் வந்தது. டியூராலுமினின் மேற்பரப்பிலும் படலம் உண்டு, ஆனால் அது எங்கும் ஒரே தரமாக இல்லை. வலிமை தரும் நுண்தட்டுகள் தாமே பெரிய தீங்கு செய்வதில்லை. உலோகத்தை வார்த்த காலத்திலிருந்தே கரையாமல் நின்றுவிட்ட, செம்பு மிகுந்த பெரிய துகள்கள் மேற்பரப்பில் தலைகாட்டும் இடங்களில்தான் படலம் பலவீனமாகிறது. செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால் அது ஒரு மின்கலம். செம்பு பத்திரமாக இருக்க, அதைச் சுற்றியுள்ள அலுமினியம் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுக் கரைந்துபோகும். உலோகம் இவ்வாறு சூழலோடு வினைபட்டு அழிவதை அரிமானம் என்பர். விமானத் தகட்டில் நடப்பது, ஒரே தகட்டுக்குள் கோடிக்கணக்கான சிறு மின்கலங்கள் ஒருசேர இயங்கும் அரிமானம்.

கடல்நீரில் உள்ள குளோரைடு அயனிகள், அதாவது கறியுப்பின் ஒரு பாதியாகிய மின்னேற்றத் துகள்கள், படலத்தைத் துளைப்பதில் தேர்ந்தவை. துளைத்த இடத்தில் குழி விழுகிறது. குழிக்குள் கரையும் அலுமினியம் நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகிறது. அமிலம் மேலும் அலுமினியத்தைக் கரைக்கிறது. கரைந்த நேர்மின்னேற்றத்தைச் சமன்செய்ய வெளியிலிருந்து மேலும் குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே குழி தன் அழிவுக்கு வேண்டியதைத் தானே விளைத்துக்கொள்கிறது. இதைவிட வஞ்சகமான வடிவம் ஒன்று உண்டு. உலோகத் தகடு ஒரே படிகம் அன்று. எண்ணற்ற சிறு படிக மணிகள் நெருக்கிச் சேர்ந்தது. காய்ச்சியபின் அமிழ்த்துவதில் சற்றே தாமதம் நேர்ந்திருந்தாலும், மணிகளுக்கு இடைப்பட்ட எல்லைகளில் செம்பு முந்திப் படிந்து, எல்லையை ஒட்டிய மெல்லிய பட்டையைச் செம்பு குறைந்ததாக ஆக்கிவிடும். அரிமானம் அந்தப் பட்டை வழியாகவே தகட்டின் உட்பகுதிக்குள் ஊர்ந்துசெல்லும். தகட்டை உருளைகளுக்கு இடையே நசுக்கி நீட்டியபோது மணிகள் தட்டையாகி அடுக்கடுக்காக அமைந்திருப்பதால், எல்லைகளில் விளையும் அரிமானப் பொருள் தான் தின்ற உலோகத்தைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, அடுக்குகளை நெம்பிப் பிரித்துத் தகட்டை ஏடேடாக உப்பச்செய்கிறது. அருங்காட்சியகத்தில் பழைய விமானத்தின் ரிவெட்டு வரிசையை ஒட்டித் தகடு லேசாகப் புடைத்திருப்பதைக் கண்டால், மேலே வண்ணம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே இது நடக்கிறது என்று கொள்ளலாம்.

விமானம் கட்டியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1927இல் அமெரிக்காவின் அல்கோவா நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் டிக்ஸ் விவரித்த முறைப்படி, கலவைத் தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தின் மெல்லிய தோலைச் சேர்த்து உருட்டினார்கள். அதாவது வலிமை உள்ளே இருக்க, அடுக்களைப் பாத்திரத்தின் நீடிப்பை வெளியே போர்த்தினார்கள். தோல் கீறப்பட்டாலும், கலவையைவிட எளிதில் எலக்ட்ரான் கொடுக்கும் தூய அலுமினியம் தான் முதலில் கரைந்து கலவையைக் காக்கும். ஆனால் தகட்டின் வெட்டிய ஓரங்களிலும் ரிவெட்டுக்காகத் துளைத்த ஓட்டைகளின் சுவர்களிலும் தோல் கிடையாது. உட்பூச்சாக அடிக்கப்பட்ட துத்தநாகக் குரோமேட்டு அந்த இடங்களை ஓரளவு காத்தது. புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று பின்னர் அறியப்பட்ட அந்தப் பூச்சைச் சுரண்டும் இன்றைய பணியாளர்கள் முகமூடி அணியாமல் வேலை செய்ய முடியாது. அதோடு, சில வாரங்களோ மாதங்களோ பறந்தால் போதும் என்ற கணக்கில் போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டப்பட்ட விமானத்தில் எண்பது ஆண்டுக் கால அரிமானத்தை யாரும் எண்ணிப்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஹாலிஃபாக்சும் டோர்னியரும் வேறு வேறு நிலையில் கிடைத்ததற்குக் காரணம் இப்போது விளங்கும். ஏரியின் குளிர்ந்த நன்னீரில் குளோரைடு மிகக் குறைவு. குளிரில் எல்லா வினைகளும் மெதுவாகவே நடக்கும். கடலில் குளோரைடுக்குப் பஞ்சமில்லை; ஆயினும் டோர்னியரை மணல் மூடிக் காத்தது, ஏனெனில் மணலுக்கு அடியில் ஆக்சிசன் வரத்து மிகக் குறைவு, ஆக்சிசன் இல்லாமல் அந்த மின்கலங்களின் வேகம் தணிந்துவிடும். மணல் விலகி விமானம் வெளிப்படத் தொடங்கியபின் அதை அங்கேயே விட்டுவைத்தால் அலையும் நீரோட்டமும் வலைகளும் அழித்துவிடும். மேலே எடுத்தாலோ, தகட்டின் குழிகளுக்குள் நிறைந்த குளோரைடோடு தாராளமான ஆக்சிசனும் சேர்ந்துவிடும். காயவைப்பது பாதுகாப்பு என்று தோன்றலாம். ஆனால் நீர் ஆவியாக ஆவியாக எஞ்சிய நீரில் உப்பு செறிந்து, பின்னர் காற்றின் ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொண்டு அரிமானத்தைத் தொடரும். எடுத்த கையோடு அதை நனைக்கத் தொடங்கியதன் நோக்கம் இதுவே.

எந்த நீரால் நனைப்பது என்பதும் எளிய முடிவாக இல்லை. இரும்புப் பொருள்களிலிருந்து உப்பை நீக்கத் தொல்லியலாளர்கள் கடுங்காரக் கரைசலைப் பயன்படுத்துவது வழக்கம். அலுமினியமோ வலிய அமிலத்திலும் கரையும், வலிய காரத்திலும் கரையும், இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய எல்லைக்குள் மட்டுமே அதன் படலம் நிலைக்கும். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களின் துணையோடு, எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலத்தைக் காரம் சேர்த்துத் தணித்து, அந்த எல்லைக்குள் நிற்கும் மென்கரைசலாக்கிப் பயன்படுத்தினர். அது சிப்பிகளும் சுண்ணமும் இறுகிய கடல் மேலோட்டை இளக்கியது. ஓடு கழன்றால்தான் அதற்கடியில் அடைபட்டிருந்த குளோரைடு வெளியேற வழி கிடைக்கும். இத்தகைய வேலையில் போதும் என்று எப்போது நிறுத்துவது என்பதைக் கண்ணால் தீர்மானிக்க இயலாது. கழுவிய நீரில் குளோரைடு எவ்வளவு என்று அவ்வப்போது அளந்து வரைபடம் ஆக்கினால், தொடக்கத்தில் செங்குத்தாக உயரும் கோடு நாளடைவில் படுத்துவிடும். புதிய கரைசலை மாற்றிய பின்னும் குளோரைடு மிகக் குறைவாகவே வெளிவந்தால், வெளியேறக்கூடியது வெளியேறிவிட்டது என்று பொருள். வெளியேறாமல் மணி எல்லைகளின் ஆழத்தில் சிக்கியது எப்போதும் கொஞ்சம் இருக்கும். அதனால்தான் இத்தகைய பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் கூடங்களில் காற்றின் ஈரப்பதத்தைத் தாழ்வாகவும் மாறாமலும் வைக்க வேண்டியிருக்கிறது. டியூராலுமினை உண்டாக்கியவர் ஒரு மாற்றத்தைப் பாதியில் நிறுத்தினார் என்றால், அதைப் பேணுபவர் மற்றொரு மாற்றத்தைப் பாதியில் நிறுத்தி வைக்கிறார். முன்னது ஒருமுறை செய்தால் போதும், பின்னதை மின்கட்டணம் செலுத்திக்கொண்டே செய்யவேண்டும்.

அரிமானத்தை நிறுத்தியபின் என்ன செய்வது என்பதில் அருங்காட்சியகங்கள் ஒத்துப்போவதில்லை. ஹாலிஃபாக்ஸ் பெரும்பாலும் மீட்கப்பட்ட நிலையிலேயே, சிதைந்த உடலோடு வைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் டேட்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகம், ஐரோப்பாவின்மீது 25 தாக்குதல்களை முடித்துத் திரும்பிய மெம்ஃபிஸ் பெல் என்ற விமானத்தை 2005இல் பெற்று, பல்லாண்டுகள் உழைத்து, போர்க்காலத் தோற்றத்தில் 2018 மே மாதம் காட்சிக்கு வைத்தது. எந்த நாளின் தோற்றம் என்பதே இத்தகைய வேலையில் முதல் சிக்கல். இந்தியாவோடு தொடர்புடைய லிபரேட்டர் வகைக் குண்டுவீச்சு விமானங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. போர் முடிந்ததும் கான்பூரில் வேண்டுமென்றே பழுதாக்கிக் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர்களுள் ஏறத்தாழ நாற்பதைப் பெங்களூரின் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1948 தொடங்கிச் செப்பனிட்டுப் பறக்கவைத்தது. இந்திய விமானப்படையில் அவை 1968 வரை பணியாற்றின. அவற்றுள் ஒன்று டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றொன்று 1974இல் பிரிட்டனுக்குச் சென்று அரச விமானப்படை அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று. சிறிது காலம் பிரிட்டனுக்காகவும் இருபது ஆண்டுகள் இந்தியாவுக்காகவும் இருந்த விமானத்துக்கு எந்த நாட்டு வண்ணம் அசல் என்று உலோகவியல் சொல்லாது. பிரிட்டனில் உள்ளது பிரிட்டிஷ் வண்ணமே பூண்டிருக்கிறது. நீண்ட பணிக்காலத்தைவிடப் புகழ்பெற்ற காலத்தையே அருங்காட்சியகங்கள் விரும்புகின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பறக்கவைப்பதற்காகப் புதுக்கப்படும் விமானங்களின் நிலை வேறு. சேற்றிலிருந்து எடுத்த ஸ்பிட்ஃபயர் வகைப் போர் விமானம் ஒன்றின் அரித்த தகடுகளில் மனித உயிரை ஏற்றி அனுப்ப முடியாது. எனவே அடையாளத் தகட்டையும் தேறிய சில உறுப்புகளையும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் புதிய தகட்டால் கட்டுவது பரவலான வழக்கம். வடிவமும் ஒலியும் பழையவை, உலோகம் புதியது. ஒரே பெயருடைய கலவைதானே என்று இதை எளிதாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. பிரான்சின் தூலூஸ் நகர ஆய்வாளர்கள், 1950களில் கட்டப்பட்ட பிரெகே நிறுவனத்தின் சகாரா போக்குவரத்து விமானத்தின் டியூராலுமின் தகட்டையும், அதற்கு நிகரான இன்றைய கலவையையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒப்பிட்டபோது, உள்ளே விளைந்திருந்த வீழ்படிவுகள் இரண்டிலும் ஒன்றாக இல்லை. கலவையின் சிறு வேறுபாடும் காய்ச்சிய முறையும் உள்ளே தம் தடத்தை விட்டிருந்தன. பழைய தகட்டை எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துபவர், அந்தக் காலத்து ஆலையில் என்ன நடந்தது என்பதற்கான பதிவையும் சேர்த்தே எறிகிறார்.

உலோகம் அல்லாத பொருளிலும் இது உண்மை என்பதை ஹார்ட்டன் 229 காட்டியது. போரின் இறுதியில் ஜெர்மனியில் உருவான, வால் இல்லாத அந்த ஜெட் விமானத்தின் ஒட்டுப்பலகைத் தோலில், ராடார் அலைகளை உறிஞ்சுவதற்காகப் பசையோடு கரித்தூளைக் கலக்கத் திட்டமிட்டதாக அதை வடிவமைத்த சகோதரர்களுள் ஒருவரான ரைமர் ஹார்ட்டன் 1980களில் கூறினார். உலகின் முதல் ராடார் மறைவு விமானம் என்ற புகழ் அதிலிருந்து பரவியது. எஞ்சிய ஒரே முன்மாதிரி அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம், பலகைகள் பிளந்து, பசை வெளியே தெரிய, பல பதிற்றாண்டுகள் கிடங்கில் கிடந்தது. பார்வைக்கு அவலமாக இருந்த அந்தப் பலகைகளைப் பெயர்த்துப் புதியன பொருத்தும் எண்ணம் அந்த ஆண்டுகளில் நிறைவேறியிருந்தால், யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். அவ்வாறு நேராததால் பேணல் வல்லுநர்கள் பசையிலிருந்து மிகச் சிறிய துணுக்குகளை எடுத்து, நுண்ணோக்கியிலும் அகச்சிவப்பு நிறமாலையிலும் ஆராய்ந்தனர். அகச்சிவப்பு ஒளியின் எந்தெந்த அலைநீளங்களை ஒரு பொருள் விழுங்குகிறது என்பதிலிருந்து அது என்ன பொருள் என்று அறியும் முறை அது. பசையில் கருந்துணுக்குகள் இருந்தன. கரித்தூள் என்பதற்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை.